மகாராணியின் படியில் அப்பா விழுந்த கதை

நான் விழுந்த கட்டடம் ஸ்காபரோவில் இருக்கிறது. எந்தத் தெரு, எத்தனையாம் இலக்கம் என்று சொல்லமாட்டேன். கனடா மத்திய அரசின் மீது வழக்குப் போட்டவன் நான். எதை எழுத்தில் வைக்கலாம், எதை வைக்கக்கூடாது என்று எனக்கு ஓரளவு தெரியும். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு பெப்ரவரி, செவ்வாய்க்கிழமை, காலை பத்தரை மணி. இவ்வளவு போதும்.

அது குடிவரவு அலுவல் பார்க்கிற கட்டடம். என் மனைவியும் மகளும் கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில் பதினான்கு மாதமாகக் காத்திருந்தார்கள். நான் ஸ்பொன்சர் செய்திருந்தேன். "பரிசீலனையில் உள்ளது" என்று ஒரு கடிதம் வந்தது. அதற்குப் பிறகு மூச்சுப் பேச்சில்லை. மூச்சுப் பேச்சில்லாமல் கிடக்கிற அலுவலகக் கோவைகளைப் பற்றி, பைல்களைப் பற்றி, எனக்கு மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகம் தெரியும். காரணத்தைப் பிறகு சொல்கிறேன். பெருமைப்படுகிற காரணம் இல்லை. ஆகவே அன்று ஷிப்ற்றை மாற்றிக்கொண்டு, எங்கள் கோவை எங்கே கிடக்கிறது என்று விசாரிக்கப் போனேன்.

கவுண்டரில் இருந்த பெண் கணினியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தாள். "பொறுமையாயிருங்கள், கடிதம் வரும்" என்றாள்.

அந்தச் சிரிப்பைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். ஏன் சிரித்தாள்? கோவை தொலைந்திருந்தால் அல்லவா ஒருத்தி அப்படி அன்பாகச் சிரிப்பாள்? கணினியில் அப்படி என்ன இருந்தது? இப்படி யோசித்துக்கொண்டு மூன்றாவது படியில் கால் வைத்தேன். படியில் கண்ணாடி மாதிரி ஐஸ். நாலாவது படியை நான் காலால் தொடவில்லை.

கீழே கிடந்தபோது என் வாயிலிருந்து வந்த முதல் சொல் "அம்மா" அல்ல, "ஐயோ" அல்ல. "சொறி." யாரிடம் சொன்னேன்? பக்கத்தில் ஒருவருமில்லை. கனடா அரசாங்கத்தின் படியை நான் இடித்துவிட்டேன், அதற்கு மன்னிப்புக் கேட்டேன்.

வாசலில் நின்ற செக்கூரிற்றி ஓடிவந்தார். பெரிய மீசை, இளகின முகம். என் வலது கை மணிக்கட்டில் முன்பு இல்லாத ஒரு வளைவு புதிதாக வந்திருந்தது. அவர் அம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு, சட்டைப்பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தார். நடந்த சம்பவத்தை எழுதவேண்டுமாம்.

"பெயர்?"

வலி எல்லாம் சட்டென்று நின்றுவிட்டது. மூளை மட்டும் ஓடத் தொடங்கியது. இவர் என் பெயரை எழுதுவார். இந்தப் படிவம் மேலே போகும். மேலேதான் என் மனைவியின் கோவை இருக்கிறது. கோவையிலும் அதே பெயர். யாரோ ஒருவர் இரண்டையும் சேர்த்துப் பார்ப்பார். "ஓ, இவன் விழுகிற ஆள், பிரச்சினை கொண்டுவருகிற ஆள்" என்று நினைப்பார்.

நான் என் அப்பாவின் பெயரைச் சொன்னேன்.

இது முழுப் பொய்யும் இல்லை. எங்கள் ஆட்களின் கடதாசிகளில் அப்பாவின் பெயர்தான் முன்னுக்கு நிற்கும். கனடாக்காரர் முன்னுக்கு நிற்கிறதுதான் ஆளின் பெயர் என்று எடுத்துக்கொள்வார்கள். நான் வேலைசெய்த பிஸ்கட் பக்டரியில் மேற்பார்வையாளர் தினமும் என்னை என் அப்பாவின் பெயர் சொல்லித்தான் திட்டுவார். அப்பா செத்து ஒன்பது வருடம். அவருக்கு ஸ்பொன்சர் கோவை ஒன்றும் இல்லை. அவரை இவர்கள் என்ன செய்துவிட முடியும்? வலியில் இவ்வளவு கெட்டித்தனமாக யோசித்த என்னையே நான் மெச்சிக்கொண்டு அம்புலன்ஸில் ஏறினேன். ஆஸ்பத்திரியில் மட்டும் சொந்தப் பெயரைக் கொடுத்தேன்.

மணிக்கட்டு இரண்டு இடத்தில் உடைந்திருந்தது. முழங்கைவரை பிளாஸ்ரர் போட்டார்கள். வலது கை இல்லாமல் ஓடுகிற பெல்ற்றிலிருந்து பிஸ்கட் எடுத்துப் பெட்டியில் அடுக்க முடியாது. "கை சரிவந்த பிறகு வா" என்றார் மேற்பார்வையாளர், அப்பாவின் பெயரைச் சொல்லி.

அப்போது நான் அஜின்கோர்ட்டில் ஒரு பேஸ்மென்ற்றில் இருந்தேன். என்னோடு கூட இருந்தவர் ஒரு அண்ணை. பிறம்ரனில் ட்ரக் ஓடுகிறவர். தொலைக்காட்சியில் வருகிற நீதிமன்ற நிகழ்ச்சிகளை ஒன்றும் விடாமல் பார்த்து, அரைவாசி நீதிபதி ஆகியிருந்தார். என் கையைப் பார்த்ததும் அவருடைய கண் மின்னியது.

"ஐசே, உது சும்மா கையில்லை. உது கேஸ்."

"அண்ணை, எனக்குக் கேஸும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம். மனிசி பிள்ளை வந்து சேரட்டும்."

"மனிசி வந்து இறங்கேக்க நீர் ஒரு கையோட போய்ப் பெட்டி தூக்கப்போறீரோ? டொக்டர் என்ன சொன்னவர்? ஒப்பிறேஷன் தேவைப்படலாமெண்டவர்தானே? கை வராட்டி பிறகு ஆர் அவையளுக்குச் சோறு போடுறது, அரசாங்கமோ?"

அண்ணை ஏன் இவ்வளவு அக்கறைப்படுகிறார் என்று எனக்கு உடனே சந்தேகம் வந்தது. சட்டத்தரணியிடம் ஆள் பிடித்துக் கொடுக்கிறாரோ? இதை நான் அவரிடம் கேட்கவில்லை. ஆனால் என் முகம் கேட்டுவிட்டது போல. "விசர்க் கதை கதையாதையும்" என்றார், நான் வாய் திறக்க முன்னரே.

சனிக்கிழமை என்னை இழுத்துக்கொண்டு போனார். ஒரு பிளாசாவில், சீலைக் கடைக்கு மேல் மாடியில் அலுவலகம். சட்டத்தரணி ஒரு தமிழ்ப் பிள்ளை, முப்பது வயதுகூட இருக்காது. என்னை "அங்கிள்" என்றது. எனக்கு அப்போது நாற்பத்திநாலு. கையைவிட அது அதிகம் வலித்தது.

"எங்க விழுந்தனீங்கள் அங்கிள்?"

சொன்னேன். பேனையை மேசையில் வைத்துவிட்டது.

"கடைப்படி எண்டா ஒரு கதை. சிற்றியின்ர நடைபாதை எண்டா இன்னொரு கதை. இது ஃபெடரல் கவன்மென்ற். அவைக்குத் தனிச் சட்டம். ஒரு காலத்தில ராசா மேல வழக்கே போடேலாது. இப்ப போடலாம், ஆனா கதவைக் கொஞ்சமாத்தான் திறந்து வச்சிருக்கினம். எண்டைக்கு விழுந்தனீங்கள்?"

"செவ்வாய்."

"நல்ல காலம். அவையின்ர கட்டடத்தில விழுந்தா ஏழு நாளுக்குள்ள எழுத்தில அறிவிக்கவேணும். கட்டடத்துக்குப் பொறுப்பான ஆளின்ர கையில ஒரு கடிதம். அதின்ர பிரதி ஒண்டு பதிவுத் தபாலில ஒட்டாவாக்கு, நீதித்துறையின்ர பெரியவருக்கு. விட்டா, பிறகு நீதவானிட்ட போய் 'பிந்தினதை மன்னியுங்கோ' எண்டு கெஞ்சவேணும். சில வேளை மன்னிப்பினம், சில வேளை இல்லை."

"ஏழு நாளோ?" அண்ணை எழும்பிவிட்டார். "உடைஞ்ச எலும்பு வீக்கம் வத்தவே ஏழு நாள் போகுமே, பிள்ளை!"

"அதுக்குத்தான் அங்கிள் ஏழு நாள் வச்சிருக்கினம்" என்று அது சிரித்தது. அண்ணையும் "அங்கிள்" ஆனதில் எனக்கு ஒரு சின்ன ஆறுதல்.

பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னது. கனடா அரசாங்கம் மகாராணியின் பெயரில் நடப்பதால், வழக்கில் எதிராளியின் பெயர் மகாராணி. ஜூரி கிடையாது, நீதவான் மட்டும்தான். வென்றாலும் அரசாங்கத்தின் பொருளை ஜப்தி செய்ய முடியாது.

"அப்ப அவையின்ர கதிரையை நாங்கள் தூக்கிக்கொண்டு வரேலாது?" என்று அண்ணை கவலையோடு கேட்டார். மனதுக்குள் ட்ரக்கில் ஏற்றியே விட்டிருந்தார் என்று நினைக்கிறேன்.

எனக்கு மகாராணியிலேயே மனம் நின்றுவிட்டது. இன்னும் ஒரு வருடத்தில் நான் பிரசாவுரிமைக்குப் போய், கையை உயர்த்தி, அந்த அம்மாவுக்கு விசுவாசமாயிருப்பேன் என்று சத்தியம் செய்யவேண்டும். உயர்த்தவேண்டிய கையையே காட்டி அவர்மீது வழக்கும் போடுவதா?

"விழுந்தவுடன ஏதும் சொன்னனீங்களோ?"

"சொறி எண்டனான்."

"ஒருக்காவோ?"

"ஒரு நாலைஞ்சு தரம்."

அது எழுதிக்கொண்டது. "சம்பவ அறிக்கை எழுதினவையோ? உங்கட பெயர்தானே குடுத்தனீங்கள்?"

நான் சுவரில் இருந்த கலண்டரைப் பார்த்தேன். அண்ணை என்னைப் பார்த்தார்.

"என்ன காணும் செய்தனீர்?"

சொன்னேன். பிள்ளை பேனையை மறுபடியும் மேசையில் வைத்தது.

"அங்கிள்," என்றது அந்தப் பிள்ளை, மிகவும் மரியாதையாக, "அரசாங்கத்தின்ர பேப்பரில விழுந்தது நீங்களில்லை. உங்கட அப்பா."

"அவர் செத்து ஒன்பது வருஷம்."

"அப்ப அவரையும் சாட்சிக்குக் கூப்பிடேலாது."

அண்ணை சிரித்த சிரிப்பில் கதிரை ஆடியது. பிள்ளை மட்டும் சிரிப்பை அடக்கிக்கொண்டு கடிதத்தை எழுதத் தொடங்கியது: என் பெயர், என் அப்பாவின் பெயர், இரண்டும் ஒரே ஆள்தான் என்ற விளக்கம், எந்தப் படி, எந்த எலும்பு. முடித்துவிட்டு நிமிர்ந்தது. "செவ்வாய்க்கிழமைக்குள்ள இதை நீங்களே கொண்டுபோய்க் குடுக்கிறது நல்லம். நான் ஆளனுப்பலாம். ஆனா அந்த அறிக்கையில பெயர் பிழையா இருக்கிறபடியா, விழுந்த ஆள் நீங்கள்தானெண்டு செக்கூரிற்றி முகத்தைப் பார்த்துச் சொல்லவேணும்."

"பிள்ளை, என்ர மனிசியின்ர பைல் அந்தக் கட்டடத்தில இருக்கு."

"பைல் பார்க்கிறவை வேற, படி பார்க்கிறவை வேற, அங்கிள். ரெண்டுக்கும் சம்பந்தமில்லை."

"மேசை வேற," என்றேன். "தேத்தண்ணி ஒண்டாத்தானே குடிப்பினம்?"

இந்த இடத்தில் நான் முதலில் ஒளித்த காரணத்தைச் சொல்லவேண்டும்.

ஊரில் நான் ஒரு கச்சேரியில், அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், காணிப் பகுதியில் எழுதுவினைஞராக இருந்தேன். அனுமதிப்பத்திரம் கேட்டு வந்த ஒருவர், காணிப் பகுதியினர் பதினொரு மணிவரை தேத்தண்ணி குடிக்கிறார்கள் என்று மேலிடத்துக்குப் பெட்டிசம் போட்டுவிட்டார். சுத்தப் பொய். பத்தே முக்காலுக்கு முடித்துவிடுவோம். நாங்கள் அவரைத் திட்டவில்லை, சண்டை பிடிக்கவில்லை. நான் அவருடைய கோவையை அடுக்கின் மேலிருந்து எடுத்து அடியில் வைத்தேன். அவ்வளவுதான். அதற்கு ஒரு வினாடிகூட எடுக்கவில்லை. அவர் வந்து கேட்கும்போதெல்லாம் எழும்பி நின்று, அன்பாகச் சிரித்து, "ஐயா, பொறுமையாயிருங்கோ, கடிதம் வரும்" என்றேன். இரண்டு மாரிகாலம் வந்துபோனார். பிறகு கணக்காய்வு வரப்போகிறது என்று கதை அடிபட்டது. அன்றைக்கே அனுமதியை எழுதி, ஒன்றரை வருடத்துக்கு முந்தின திகதியைப் போட்டு அனுப்பிவைத்தேன்.

அந்த மனிதரின் முகம் எனக்கு இப்போதும் ஞாபகம் இல்லை. அவருடைய கோவையின் முதுகில் கட்டியிருந்த பச்சை நாடா ஞாபகம் இருக்கிறது.

இப்போது விளங்கும், ஒரு கவுண்டரில் ஒருத்தி சிரித்தால் ஏன் எனக்குச் சந்தேகம் வரும் என்று.

ஞாயிறு காலை கொழும்புக்குத் தொலைபேசி எடுக்கிற நாள். அங்கே பின்னேரம், லொட்ஜ் மனேச்சரின் மேசைக்குப் பக்கத்தில் மனைவி வந்து நிற்பாள். விழுந்த கதையைச் சொல்வதில்லை என்று முடிவெடுத்திருந்தேன். இடது கையால் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு, குரலில் ஒரு பிளாஸ்ரரும் தெரியாமல் கதைத்தேன். பின்னால் அண்ணை தோசைக்கல்லைப் போட்டுக்கொண்டு, லொட்ஜ் மனேச்சருக்கே கேட்கிற மாதிரிக் கத்தினார்: "தங்கச்சி! மனுசன் கை முறிஞ்சு நிக்கிறான்! கேட்டுப்பாரும்!"

தொலைபேசிக் கார்ட்டில் ஒரு நிமிடத்துக்கு என்ன விலை என்று இரண்டு பேருக்கும் தெரியும். மனைவி நேரே கேள்விக்கு வந்தாள்.

"எப்ப?"

"செவ்வாய்."

"இண்டைக்கு ஞாயிறு. ஆருக்கெல்லாம் சொன்னியள்?"

"அண்ணைக்கு. லோயருக்கு. பிறகு... ஒட்டாவாக்கு ஒரு கடிதம் எழுதிக் கிடக்கு."

"எனக்குச் சொல்லாமல் ஒட்டாவாக்குச் சொல்லுறியளோ?"

எல்லாவற்றையும் கொட்டினேன். படி, அப்பாவின் பெயர், ஏழு நாள், அதே கட்டடம், அதே கோவை. "கடிதத்தைக் குடுத்தா உங்கட பைலை அடியில வச்சிடுவாங்கள். குடுக்காட்டி கையும் போச்சு, கேஸும் போச்சு. நீர் சொல்லும். உம்மட பைல்."

"இஞ்சருங்கோ," என்றாள். கொழும்பின் பஸ் ஹோர்ன்களுக்கு நடுவில் அவள் குரல் ஆறுதலாக வந்தது. "நீங்கள் அந்தப் பெட்டிசக்கார மனுசனுக்குச் செய்ததை உங்களுக்கும் ஆரும் செய்வினமெண்டு பயப்பிடுறியள். அவ்வளவுதானே? நான் பதினாலு மாசம் இந்த அறைக்குள்ள இருக்கிறன். இன்னும் பதினாலு மாசமும் இருப்பன். ஆனா எங்களைச் சாட்டிப் பயப்பிடாதேங்கோ. பயப்பிடுறதெண்டா உங்கட பெயரில பயப்பிடுங்கோ. அப்பாவின்ர பெயரிலயும் வேண்டாம், என்ர பெயரிலயும் வேண்டாம்."

கார்ட்டில் நேரம் முடிந்து வெட்டுப்பட்டது. அண்ணை தோசையைத் திருப்பிப் போட்டார். "உம்மைக் கட்டினதுக்கு அந்தப் பிள்ளை ஆர்மேல வழக்குப் போடுறது?" என்றார்.

திங்கள் ஒட்டாவாப் பிரதியை அனுப்பினேன். ஒட்டாவா தூரம், தூரத்தில் இருக்கிறவர்களைப் பற்றி எனக்கு அவ்வளவு பயமில்லை. மருந்துக் கடைக்குள் இருந்த தபால் கவுண்டரில் பதிவுத் தபால் கேட்டேன். அந்தப் பெண் முத்திரைகளைக் கிழித்துத் தந்தாள். எல்லாவற்றிலும் மகாராணி. அந்த அம்மாவுக்கு எதிரான கடிதத்தில் அந்த அம்மாவின் தலையையே ஒட்டவேண்டும். அதற்கு முதல் நக்கவேண்டும். வாழ்க்கையில் எந்த முத்திரையையும் அவ்வளவு மரியாதையாக நான் நக்கியதில்லை.

பிறகு மற்றக் கடிதத்தோடு பஸ் ஏறினேன். அந்தக் கட்டடம் வந்தது. மணியடிக்கிற கயிற்றை இழுக்கவேண்டும். வலது கை பிளாஸ்ரரில், இடது கையில் கடிதம். எந்தக் கையால் இழுப்பது என்று யோசித்தேன். யோசித்து முடிய இரண்டு தரிப்பிடம் தாண்டிவிட்டது. இதை விதி என்று எடுத்துக்கொண்டு, இறங்கி, எதிர்ப்பக்க பஸ்ஸில் ஏறினேன். அந்தப் பஸ்ஸும் அந்தக் கட்டடத்தைத் தாண்டித்தான் போனது. அதில் எனக்கு இருக்க இடம் கிடைத்திருந்தது; இருந்த இடத்தை விட்டு எழும்பினால் இன்னொருவர் இருந்துவிடுவார் அல்லவா? வீட்டுக்கு வந்துவிட்டேன். அண்ணை கடிதத்தைப் பார்த்தார், கலண்டரைப் பார்த்தார், சப்பாத்தைக் கழற்றினார்.

செவ்வாய், ஏழாவது நாள். அண்ணை வேலைக்கு லீவு சொல்லிவிட்டு என்னைக் காரில் கொண்டுபோய் வாசலில் இறக்கினார். "நான் இதிலதான் நிப்பன். கடிதத்தோட திரும்பி வந்தீரெண்டா கதவைத் திறக்கமாட்டன்."

படியில் இப்போது ஐஸ் இல்லை. சுரண்டி எடுத்திருந்தார்கள். ஆதாரத்தை அழித்துவிட்டார்கள் என்று மனதுக்குள் குறித்துக்கொண்டேன். உள்ளே அதே மீசைக்காரச் செக்கூரிற்றி. என்னைக் கண்டதும் முகமெல்லாம் மலர்ந்து, அப்பாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, கை எப்படி என்று கேட்டார். என் அப்பாவை இவ்வளவு அன்பாக ஒருவர் விசாரித்து எத்தனையோ வருடம்.

"அது நானில்லை," என்றேன் எனக்குத் தெரிந்த இங்கிலீசில். "அது என்னுடைய அப்பாவின் பெயர்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அப்படியென்றால் விழுந்தது உங்கள் தகப்பனாரா? நல்ல முகச்சாயல். அவர் எப்படி இருக்கிறார்?"

கேட்ட கேள்விக்கு உண்மையைச் சொல்வது என்று அன்று தீர்மானித்திருந்தேன். சொன்னேன்.

"அவர் இறந்துவிட்டார்."

அந்த மனிதருடைய மீசை அப்படியே தொங்கிப்போனது. "இங்கே விழுந்ததாலா?" என்று கேட்டார். நான் ஒன்பது வருடத்தை இங்கிலீசில் தேடி எடுக்க முன்னர் அவர் தொலைபேசியைத் தூக்கிவிட்டார். ஒரு நிமிடத்துக்குள் லிஃப்ற் திறந்து, கட்டடத்துக்கே பொறுப்பான அம்மா மூச்சு வாங்க வந்து நின்றார். சாதாரண நாளில் அவரைச் சந்திக்க எத்தனை மாதம் எடுத்திருக்குமோ தெரியாது. கண்ணில் உண்மையான துக்கம். என் இடது கையைப் பிடித்துக்கொண்டார்.

"இல்லை, இல்லை" என்றேன். "அப்பா முதலே செத்துவிட்டார். விழுந்தது நான். பயத்தில் அவருடைய பெயரைச் சொல்லிவிட்டேன்."

"எதற்குப் பயம்?"

இந்தக் கேள்வியை இந்த நாட்டில் ஒருவரும் அதுவரை என்னிடம் கேட்டதில்லை. கடிதத்தை நீட்டினேன். நின்றபடியே வாசித்தார். செக்கூரிற்றியைப் பார்த்து "விழுந்தது இவர்தானா?" என்று கேட்டார். அவர் என் முகத்தைப் பார்த்து, உயிர் வந்தவராக, "இவரேதான், இவரேதான்" என்றார். அந்த அம்மா மேசையில் இருந்த றப்பர் முத்திரையை எடுத்து, "பெறப்பட்டது" என்று திகதியோடு குத்தி, பிரதியை என்னிடம் தந்தார். கோபமே இல்லை. எனக்கு அது பிடிக்கவில்லை. கோபப்படாத உத்தியோகத்தரை நான் நம்புவதில்லை. நானும் கோபப்படாத உத்தியோகத்தனாகத்தான் இருந்தேன்.

"வேறு ஏதாவது உதவி வேண்டுமா? உங்களுக்கு இங்கே கோவை ஏதும் இருக்கிறதா, பார்த்துச் சொல்லவா?"

"இல்லை! ஒரு கோவையும் இல்லை!" என்று சொல்லிவிட்டு வெளியே பாய்ந்தேன். செக்கூரிற்றி ஒரு வாளி உப்போடு எனக்கு முன்னால் ஓடி, படிப்படியாக எறிந்துகொண்டு போனார். கல்யாண மாப்பிள்ளைக்குப் பூத் தூவுகிற மாதிரி, உப்புத் தூவ நான் இறங்கினேன். காருக்குள் அண்ணை முத்திரையைப் பார்த்துவிட்டுத்தான் கதவைத் திறந்தார்.

வழக்கின் முடிவைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு மாரி போனது. கடைசியில் வந்த கடதாசியில், அரசாங்கம் தன்மேல் எந்தப் பிழையையும் ஏற்றுக்கொள்ளாமல் இந்த விடயத்தை முடித்துக்கொள்கிறது என்று இருந்தது. என் பெயருக்குப் பக்கத்தில் அப்பாவின் பெயரும் இருந்தது. நான் விழுந்ததும் உண்மை, படியில் ஐஸ் இருந்ததும் உண்மை, பிழை மட்டும் ஒருவரிலும் இல்லை. கையெழுத்து வைத்தேன். கை முக்கால்வாசி திரும்பியிருந்தது, கையெழுத்துக்குப் போதும்.

ஆனால் அதற்கு நெடுநாள் முதல், அந்த வருடம் மே மாதமே, விமான நிலையத்தில் நான் நின்றேன். விசா வந்துவிட்டது என்று மனைவி தொலைபேசியில் சொன்னபோது நம்பவில்லை. விமானம் ஏறினபோதும் நம்பவில்லை. இறங்கினபிறகு திருப்பி அனுப்பலாம் அல்லவா? அப்படி ஏதும் நடந்தால் காட்டுவதற்கென்று அந்த முத்திரை குத்தின பிரதியைச் சட்டைப்பையில் கொண்டுபோயிருந்தேன். எதற்கு உதவும் என்று கேட்காதீர்கள். ஒரு முத்திரை கையில் இருந்தால் எனக்குப் பயம் குறையும்.

கண்ணாடிக் கதவு திறந்து திறந்து மூடியது. வேறு வேறு குடும்பங்கள் வந்தன. ஒன்றேகால் மணித்தியாலம். பிறகு ஒரு வண்டிலைத் தள்ளிக்கொண்டு என் மனைவி வந்தாள். பெட்டிகளுக்கு மேலே மகள், என்னை அடையாளம் தெரியாமல் முறைத்துக்கொண்டு.

மனைவி முதலில் என் வலது கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். "இதுதானோ ஒட்டாவாக்குச் சொன்ன கை?" என்றாள். அண்ணை பெட்டிகளைத் தூக்கினார்.

காரில் பின்சீற்றில் இருந்து அவளுடைய கடதாசி உறையைக் கேட்டு வாங்கினேன். ஒவ்வொரு தாளாகப் பார்த்தேன். எல்லா முத்திரையும் சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்ப்பது என் வியாதி. ஒரு தாளில், ஸ்பொன்சர் ஏற்றுக்கொள்ளப்பட்டது என்று இருந்தது. கீழே திகதி. அதைப் பார்த்தேன். சட்டைப்பையில் இருந்த பிரதியை எடுத்து, விழுந்த திகதியைப் பார்த்தேன். மறுபடியும் தாளைப் பார்த்தேன்.

"என்ன?" என்றாள்.

"நான் விழ நாலு நாளுக்கு முதலே ஓமெண்டு எழுதிப்போட்டாங்கள்."

அவள் இரண்டு கடதாசிகளையும் வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்தாள். "அப்ப அண்டைக்கு அந்தக் கவுண்டர்ப் பிள்ளை சிரிச்சது..."

"ஓம்."

"கடிதம் வருமெண்டு சொன்னது..."

"ஓம்."

"பொறுமையா வீட்டை இருந்திருந்தா நீங்கள் அங்க போகவும் தேவையில்லை, விழவும் தேவையில்லை."

அண்ணை கார்க் கண்ணாடியில் என்னைப் பார்த்து, வயிறு குலுங்கச் சிரித்தார். மகளும் ஏன் என்று தெரியாமல் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. அந்தத் திகதியை வெளிச்சத்தில் பிடித்து, எழுத்தின் மை பழசா புதுசா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்ன பார்க்கிறியள்?"

"இல்லை... என்ர கடிதத்தைக் கண்டு பயந்துபோய், பிறகு எழுதிப்போட்டு, முந்தின திகதி போட்டிருப்பாங்களோ எண்டு..."

"ஏன் அப்பிடி நினைக்கிறியள்?"

"நாங்கள் போட்டனாங்கள்" என்றேன்.

அவள் அந்தத் தாளை என் கையிலிருந்து மெல்ல எடுத்து, மடித்து, உறைக்குள் வைத்து, உறையைத் தன் மடியில் வைத்து, அதன்மேல் தன் இரண்டு கையையும் வைத்துக்கொண்டாள். வீடு வந்து சேரும்வரை தரவில்லை.